மடியில் இருக்கும் பயணி

பஸ்ஸில் கண்டக்டர் தலைகளை எண்ணிக்கொண்டே வருகிறார். மடியில் இருக்கும் குழந்தையைக் காட்டி "என்ன வயசு?" என்கிறார். ஆறைத் தொட்டுவிட்ட பையனுக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் நாலே முக்கால் வயது. பையன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடாமல் அம்மா அவன் தொடையில் ஒரு கிள்ளு வைக்கிறாள். ரயிலிலும் ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, தனி இடமும் கிடையாது. நமது பயணக் கணக்கில் மடியில் இருப்பது ஆள் அல்ல. பெரியவரோடு சேர்ந்து வருகிற ஒன்று, அவ்வளவுதான்.

தரையில் இந்தக் கணக்கால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இதே கணக்கோடு ஆற்றங்கரைக்குப் போகும்போதுதான் வினை. "ஒரு பரிசலுக்கு இத்தனை பேர்" என்று பலகை சொல்கிறது. பெரியவர்களை எண்ணி முடித்த பிறகு, "குழந்தைதானே, மடியில் இருக்கட்டும்" என்று யாரோ சொல்கிறார்கள். பரிசல்காரர் மறுத்தால் பக்கத்துப் பரிசல்காரர் ஏற்றிக்கொள்வார். ஆறு மட்டும் அரை டிக்கெட் என்று யாரையும் சலுகையாக நடத்துவதில்லை.

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது கௌதள்ளி. பழைய மைசூர் மாவட்டத்து ஊர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமான பிறகு அதோடு போய்விட்டது. கொள்ளேகால் வட்டாரமோ 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே இந்தப் பாதையில் டீக்கடைகளில் தமிழும் கன்னடமும் ஒரே டம்ளரில் ஆற்றப்படுவதில் வியப்பில்லை. காவிரி கௌதள்ளிக்குள் வருவதில்லை. காட்டுக்கு அப்பால் ஓடுகிறது. ஆனால் ஊரைத் தாண்டிப் போகிற கூட்டத்தில் பாதிக்கு ஏதோ ஒரு வகையில் காவிரியோடு தொடர்பு உண்டு. சிவராத்திரிக்குக் கனகபுரம் பக்கமிருந்து நடந்து வரும் பக்தர்கள் ஆற்றைக் கடந்துதான் மாதேஸ்வரனைப் பார்க்க வருகிறார்கள். மலையில் சாமி கும்பிட்டவர்கள் பாலாறு, கோபிநத்தம் வழியாக இறங்கி ஒகேனக்கலில் பரிசல் ஏறுகிறார்கள். இன்னும் கீழே, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே படகுதான் பஸ். அங்கே படகில் ஏறும் பிள்ளைக்கு அது உல்லாசம் இல்லை, அன்றாடம்.

ஒகேனக்கலில் குடும்பத்தோடு பரிசல் ஏறிவிட்டுத் திரும்பிய ஒரு வேன் கூட்டத்தைக் கௌதள்ளி டீக்கடை ஒன்றில் சந்தித்தபோது, ஒரு வயது தாண்டாத குழந்தை ஒன்று தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்களா என்று கேட்டேன். "இவ்வளவு சின்னதுக்கு ஏதுண்ணா ஜாக்கெட்? என் கையிலதானே இருந்தான்" என்றார் அந்தப் பெண். அந்தப் பதிலில் அலட்சியம் எதுவும் இல்லை. தாயின் கையைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்பதுதானே நாம் எல்லோரும் நம்பி வளர்ந்தது? தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கை செல்லாது. பரிசல் சாயும் நொடியில் மனித உடம்பு தன்னையறியாமல் கைகளை விரிக்கிறது, எதையாவது பிடிக்கப் பாய்கிறது. நீந்தத் தெரியாத பெரியவருக்கு மிதப்பதற்கே இரண்டு கை போதாது. அன்பு குறைந்து பிள்ளையை யாரும் கைவிடுவதில்லை. கை இரண்டுதான் என்பதால் விடுகிறார்கள்.

கடந்த இருபது ஆண்டுகளின் படகு விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போலிருக்கிறது. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா போன படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கரையில் விலங்கு தெரிகிறது என்று ஒரு பக்கமாகக் கூடியவர்களின் எடையில் படகு சாய்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போன குடும்பங்களில் 22 பேர் திரும்பவில்லை. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினார்கள். 22 பேர் இறந்ததில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் 11 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹரணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். அங்கேயும் ஆள் அதிகம், லைஃப் ஜாக்கெட் குறைவு.

இவற்றில் எதிலும் புயல் வரவில்லை. கூடுதல் ஆள், ஒரு பக்கம் கூடிய கூட்டம், இருட்டிய பிறகு புறப்பாடு, உடம்பில் ஏறாத ஜாக்கெட் என்ற நான்கே காரணங்கள் மாறி மாறி வருகின்றன. நான்கையும் கரையில் நிற்கும் ஓர் அப்பாவோ அம்மாவோ கண்ணால் பார்த்துவிட முடியும். பார்த்த பிறகு ஏறாமல் இருக்கவும் முடியும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, பணம் கட்டி, பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கும்போது "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் துணிச்சல் தேவை. மச்சான் கேலி செய்வார். செய்யட்டும்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் லைஃப் ஜாக்கெட்டோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. உயிர்காப்பு அங்கி, மிதவை அங்கி, உயிர் காக்கும் கவசம் என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கவசம் என்றால் யாரோ வேல் எறியப்போவது போலவும், போர் மூளும்போது எடுத்து மாட்டிக்கொண்டால் போதும் என்பது போலவும் தொனிக்கிறது. பரிசல் துறையில் 'ஜாக்கெட்' என்றால் கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். நம் வீடுகளில் அந்தச் சொல் புடவையோடு சேர்ந்தது. ஓடம், தோணி, அம்பி, பஃறி, திமில், புணை, வங்கம், நாவாய் என்று மிதப்பவற்றுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில், மூழ்காமல் இருக்க உடுத்தும் உடைக்கு வாயில் நிற்கிற ஒரு சொல் அமையவில்லை. பெயர் ஊன்றாத பொருள் பழக்கத்தில் ஊன்றுவதும் கடினம்தான். முன்பு கப்பல் உடைந்தால் காப்பாற்றக் கடல் தெய்வம் இருந்தது. கோவலனின் முன்னோர் ஒருவரை மணிமேகலா தெய்வம் கரை சேர்த்ததாகவும், அந்த நன்றிக்குத்தான் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்ததாகவும் சிலப்பதிகாரம் சொல்கிறது. தெய்வம் வரும்வரை அவரும் நீந்திக்கொண்டுதான் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பெயர் எதுவாக இருந்தாலும், குழந்தைக்கான அங்கி என்பது பெரியவர் அங்கியின் சின்னப் பதிப்பு அல்ல. அது எடைக்கு ஏற்ப வாங்க வேண்டியது. எத்தனை கிலோ குழந்தைக்கு என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். சிறு குழந்தைக்கானதில் மூன்று அடையாளங்கள் இருக்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கும் காலர், கால்களுக்கு இடையே போய் மாட்டும் பட்டை, பிடித்துத் தூக்குவதற்குக் கழுத்துக்குப் பின்னால் ஒரு பிடி. பொருந்துகிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. எல்லாப் பட்டைகளையும் மாட்டிவிட்டு, தோள்பட்டையில் அங்கியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். குழந்தையின் முகவாயும் காதும் அங்கிக்குள் போனால் அது பெரிய அளவு. தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். பெரியவர் அங்கியை இறுக்கிக் கட்டிக் குழந்தைக்குப் போடுவது, போடாமல் இருப்பதற்குச் சமம். பத்திரமாக இருக்கிறான் என்று நம்மை நம்பவைப்பதால் அதைவிட மோசம்.

காற்றடைத்த கைப்பட்டைகளும், நீச்சல் குள வளையங்களும், லாரி டியூபும் விளையாட்டுச் சாமான்கள். ஒரு முள் பட்டால் முடிந்தது. துறையில் கொடுக்கும் அங்கியை வாங்கியதும் கொக்கி பூட்டுகிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு தட்டையாகிக் கட்டி தட்டிப்போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வருடக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறார்கள் என்பது பல அங்கிகளைப் பார்த்தாலே தெரியும். அடிக்கடி ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிற குடும்பம் என்றால், பிள்ளையின் அளவுக்கு ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. பிறந்த நாளுக்கு வாங்கும் பேட்டரி காரைவிட அதிகச் செலவு ஆகிவிடாது. வாங்கியதும் முதல் தடவை ஆற்றில் போடாதீர்கள். இடுப்பளவு நீரில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் மிதக்கவிட்டுப் பழக்குங்கள். மல்லாந்து மிதப்பது பழகாத குழந்தை பயத்தில் புரண்டு திமிறும்.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. சுமார் 8 கிலோ எடை வராத சிசுக்களைப் படகில் ஏற்றுவதை அமெரிக்கக் கடலோரக் காவல்படை பரிந்துரைப்பதில்லை. அந்த எடைக்குக் கீழே எந்த அங்கியும் சரியாகப் பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதே காரணம். சேலை முந்தானையால் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் அந்த முடிச்சு அவிழாது. தாய் குப்புற விழுந்தால் குழந்தை அடியில் மாட்டிக்கொள்ளும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒருவர் கரையில் தங்குவதே சரி. அருவியைப் பார்க்காமல் போனதற்காக எந்தக் குழந்தையும் வளர்ந்த பிறகு பெற்றோரைக் குறை சொல்லாது.

பெரியவர்களும் அங்கி போட வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற மாமாவிடம், "நீங்கள் பிழைப்பதற்கு வேண்டாம் மாமா, பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதற்கு வேண்டும்" என்று சொல்லுங்கள். ஏறுவதற்கு முன்பே, இந்தப் பிள்ளைக்கு இவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையை வீசிக் கூச்சலிடுவார்கள். நிஜத்தில் மூழ்கும் குழந்தை சத்தம் போடுவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் காரியம் அது.

பரிசலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கில் பிளாச்சில் கூடைபோல் முடைந்து, முன்பு தோலும் பிறகு தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கும் போர்த்திய வட்டக் கலம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முழங்கால் ஆழத்திலும், பாறைகளுக்கு நடுவிலும் ஓடுவது அதன் பெருமை. அடியில் கனமோ கூர்மையோ இல்லாததால், எடை நடுவிலும் தாழ்வாகவும் இருக்கும்வரை அது சாதுவான வாகனம். ஒருவர் எழுந்து நின்றால் குணம் மாறிவிடும். பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார வேண்டும்; பெரியவர்கள் எதிரெதிராக, எடை சமமாக. போட்டோவுக்காக யாரும் எழக்கூடாது, இடம் மாறக்கூடாது. பரிசலைச் சுற்றிவிடுவது ஒகேனக்கலின் தனி வித்தை. பிள்ளைகள் கைதட்டி இன்னொரு சுற்று கேட்பார்கள். ஓட்டம் அடங்கிய நீரில், கரைப்பக்கத்தில் ஒரு சுற்று போதும். கை வெளியே தொங்கக் கூடாது என்பதற்குக் காரணமும் உண்டு: காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகள் இருக்கின்றன.

ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல். அந்தப் புகை எவ்வளவு எழும் என்பது அங்கே பெய்த மழையால் தீர்வதில்லை. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த மதகுகளால் தீர்கிறது. தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே ஆறு ஏறும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் விநாடிக்கு இத்தனை கன அடி என்ற எண்ணைப் பார்த்துத்தான் பரிசலுக்குத் தடை போடுகிறார்கள், எடுக்கிறார்கள். காவிரிப் பங்கீட்டுச் செய்தியில் மட்டும் நாம் வாசிக்கும் அந்த எண், பிள்ளையோடு கிளம்புகிற அன்று காலையில் பார்க்க வேண்டிய எண்ணும்கூட. தடை போட்ட நாளில், "சின்னாற்றுப் பக்கமாக ரகசியமாகக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது தோளைத் தொட்டால், நன்றி சொல்லிவிட்டு மீன் வறுவல் வாங்கச் செல்லவும்.

கூரையும் ஜன்னலும் உள்ள பெரிய படகுகளில் எச்சரிக்கை இன்னொரு விதம். அவை கவிழ்ந்தால், அங்கி போட்டவரும் உள்ளே கூரையோடு மிதந்து மாட்டிக்கொள்ளலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் கீழ்தள அறையைத் தவிர்த்து, வெளியேறும் வழிக்கு அருகில், திறந்த இடத்தில் உட்காருவது நல்லது. கவிழ்ந்தே விட்டால் பரிசலையோ படகையோ விட்டு விலகாமல் பற்றிக்கொள்ளுங்கள்; அது பெரும்பாலும் மிதக்கும். ஓட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டாம். கால் முன்னால் இருக்க மல்லாந்து, நீரோடு போய்க் கரையை நோக்கிச் சாயுங்கள். கரையில் இருப்பவர் குதிப்பதற்கு முன் கயிறோ, கழியோ, சேலையோ நீட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒருவரைக் காக்கக் குதித்து இருவராகப் போன செய்திகளை நாம் போதுமான அளவு படித்தாயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். அது தவறு. தண்ணீருக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைதான் ஒரு நாள் நண்பர்களோடு தெரியாத ஆற்றில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிறையாத குழந்தை. இவர்களில் மிகப் பலர் படகே ஏறாதவர்கள். குளமும் கிணறும் குட்டையும் போதுமானவை. பிள்ளைக்கு நீரோடு பரிச்சயம் வேண்டும், மரியாதையோடு.

அதற்குத் தொடக்கமாக ஒகேனக்கலைவிட ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்து ரங்கனத்திட்டு பொருத்தம். சலீம் அலியின் யோசனையால் 1940இல் பறவைச் சரணாலயமான இடம். காலை வெயில் ஏறுவதற்குள், அரை மணிப் படகு. தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, வயிறு நிறையாமல் இரண்டு இட்லி. பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். கரண்டிவாயன் எத்தனை, பாறையில் படுத்திருக்கும் முதலை எத்தனை என்று எண்ணுவது அவன் பொறுப்பு. "ஆடாதே, அசையாதே" என்று பத்துத் தடவை அதட்டுவதைவிட ஒரு வேலை அதிகம் சாதிக்கும். குழந்தை "போதும்" என்று சொல்வதற்குச் சற்று முன்பே கரைக்கு வந்துவிட்டால், அடுத்த முறை அதுவே கூப்பிடும்.

சென்னையில் பிள்ளைகள் தனியாகவே படகோட்டுகிறார்கள். ஆப்டிமிஸ்ட் என்ற பாய்மரக் குட்டிப் படகு, பதினைந்து வயது வரையிலான சிறுவர்களுக்கானது. நீளம் 2.3 மீட்டர், ஏறக்குறைய ஒரு பரிசலின் அகலம்தான். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் பன்னிரண்டு வயதில் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இந்தப் பயிற்சியில் படகை ஓட்டுவதோடு, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கி போட்ட குழந்தை தண்ணீருக்குள் விழுந்து, மிதந்து, சிரித்துக்கொண்டே ஏறி வருகிறது. விழுவது எப்படி என்று தெரிந்த பிறகு பயம் எச்சரிக்கையாக மாறிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவும், தகுதிச் சோதனையும், உயிர்காப்புச் சாதனங்களும் கேட்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அமெரிக்காவில் 2002 முதல், ஓடுகிற படகின் திறந்த பகுதியில் இருக்கும் பதின்மூன்று வயது நிறையாத பிள்ளை அங்கி போட்டே ஆக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. "படகில் இத்தனை அங்கி இருக்க வேண்டும்" என்பதற்கும் "இந்தப் பிள்ளை உடம்பில் இருக்க வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரம், மேலே சொன்ன பட்டியலின் நீளம்தான். நம் துறைகளில் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே ஒரு தராசு வைத்து, எடைக்கேற்ற குழந்தை அங்கிகள் நான்கு அளவில் மாட்டி வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. குழந்தை அளவு இல்லை என்றால் குழந்தைக்குப் பரிசல் இல்லை என்று பலகையில் ஒரு வரி சேர்க்கலாம்.

பரிசல்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். தடை போட்ட நாட்களில் அவர்கள் வீட்டில் அடுப்புக்கும் தடைதான். கூட்டம் வரும் நான்கு நாளில் ஓட்டினால்தான் வராத மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிட முடியும். இன்னொரு ஆளை ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதும், ஏற்றினால் மேலே நூறு ரூபாய் நீட்டுவதும் பெரும்பாலும் நாம்தான். ஆகவே துறையில் கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். இன்று நீர் எவ்வளவு? இதில் எத்தனை பேர் ஏறலாம்? என் பிள்ளை அளவுக்கு அங்கி இருக்கிறதா? எண்ணும்போது மடியில் இருப்பதையும் ஓர் ஆளாக எண்ணச் சொல்லுங்கள். அதற்காக இரண்டாவது பரிசல் எடுக்க வேண்டி வந்தால், எடுங்கள். அந்தக் கூலி பரிசல்காரருக்கும் நியாயமான கூலி.